மாயா மக்களின் மரவள்ளியும் ஓர் இஞ்சி பிஸ்கட்டும்

1. தட்டிவிட்ட கை

மெல்பேர்னிலிருந்து வந்த ஒரு பேராசிரியரின் கையில் இருந்த பிஸ்கட்டை நான் தட்டிவிட்டேன். அது ஆய்வுகூடத் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பிரிவில் எனக்கு டெக்னிக்கல் அசிஸ்டன்ட் வேலை. ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு என் வேலை நிலைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் குழுவில் ஒருவர் அந்தப் பேராசிரியர். யாழ்ப்பாணத்தில் என் மனைவி சரோஜாவும் ஐந்து வயது மகளும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் வேலை நிலையானது என்று ஒரு கடிதம் வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதம் கிடைக்க வழி செய்யக்கூடிய மனிதரின் கையில்தான் நான் அடித்தேன்.

ஏன் அடித்தேன் என்று சொல்லுவதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இப்போது ஆய்வுகூடங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் சிலர் "உங்கட காலத்தில எப்பிடி அங்கிள்?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஒரு விஷயம். இதில் வரும் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். என் நினைவில் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். அப்படியே தருகிறேன்.

2. யார் இந்த மாயா மக்கள்

இலங்கையில் விவசாயத் திணைக்களத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவன் நான். சிட்னிக்கு வந்ததும் செவன் ஹில்ஸில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன். எனக்கு முன்பே ஊரிலிருந்து வந்திருந்த சிவபாதம் அண்ணைக்கும் அங்கேதான் வேலை. அவர் வீட்டின் பின்னறையில்தான் நான் குடியிருந்தேன். ஒரு நாள் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். மண் மாதிரிகளை அலசி, அரித்து, பிரித்து, பதிவு செய்ய ஆள் தேவை. மண் என்றதும் மறு யோசனை இல்லாமல் விண்ணப்பித்தேன். யாருடைய மண் என்று பார்க்கவில்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர் டொக்டர் ஹெலன். நாற்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு பென்சில் குத்தியிருந்தார். "டொக்டர் எல்லாம் வேண்டாம், ஹெலன் எண்டு கூப்பிடுங்கோ" என்றார். அது எனக்கு வாயில் வரவில்லை. கடைசி வரைக்கும் டொக்டர்தான்.

மேசையில் வரிசையாகத் தகர டின்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மண். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததாம். ஆயிரம் வருடத்துக்கு முன்னர் அங்கே காட்டுக்குள் மாயா மக்கள் என்று ஒரு கூட்டம் பெரிய பெரிய நகரங்கள் கட்டி வாழ்ந்தது என்றார்.

"அவை என்ன சாப்பிட்டவை எண்டதுதான் எங்கட கேள்வி" என்றார் டொக்டர்.

"தெரியாதோ?"

"சோளம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். கல்லில, பானையில, எங்க பார்த்தாலும் சோளத்தைச் செதுக்கி வைச்சிருக்கினம். சோளத்துக்கு ஒரு சாமியே இருக்கு. ஆனா அவ்வளவு சனத்துக்கும் அந்த மண்ணில சோளம் மட்டும் காணுமோ எண்டு எனக்குச் சந்தேகம். கிழங்கும் பயிரிட்டிருக்க வேணும். மரவள்ளி, வத்தாளை, அப்பிடி."

"அப்ப கிழங்கையும் செதுக்கியிருப்பினமே?"

"செதுக்கேல்லை. அதுதான் சிக்கல். மண்ணிலயும் லேசில அகப்படாது. சோளம் எண்டால் மணி கருகிக் கிடக்கும். மரவள்ளிக்கு விதை நடுறேல்லை, தண்டை வெட்டித்தான் நடுறது. கிழங்கைச் சாப்பிட்டால் சாப்பாட்டோட போச்சு. விட்டால் மண்ணோட மண்ணாப் போச்சு."

"அப்ப நான் இந்த டின்னுக்குள்ள என்னத்தைத் தேடுறது?"

"கிடைக்காததைத்தான்" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஊரில் ஒரு கமக்காரன் மண் கொண்டு வருவான், என்ன பசளை போடலாம் என்று கேட்பான், நான் சொல்லுவேன், அவன் போய்ப் போடுவான். இங்கே மண் வந்திருக்கிறது. அதற்குரிய கமக்காரன் செத்து ஆயிரம் வருடம். பதில் கண்டுபிடித்தாலும் வாங்கிக்கொண்டு போக ஆள் இல்லை. இதற்குச் சம்பளமும் தருகிறார்கள். இன்னொரு குண்டையும் அன்றைக்கே போட்டார் டொக்டர். மரவள்ளிக்குச் சொந்த இடமே அமெரிக்காவாம். அங்கிருந்து கப்பலேறித்தான் எங்களிடம் வந்ததாம். நான் நம்பவில்லை.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"குமார், உங்கட நாட்டிலயும் மரவள்ளி இருக்குத்தானே. உங்கட ஆக்கள் சாப்பிடுறவையோ?"

என் சட்டைப் பையில் சரோஜாவின் கடிதம் இருந்தது. காலையில் வந்தது, ரெயிலில் இரண்டு தரம் வாசித்திருந்தேன். இலங்கையில் அப்போது அரிசிக்கும் பாண் ரொட்டிக்கும் பெரிய தட்டுப்பாடு. 'பாணுக்கு விடிய வெள்ளணப் போய் கியூவில நிக்கிறன். கூப்பன் அரிசி மூண்டு நாளைக்குத்தான் காணும். மிச்ச நாளுக்கு மரவள்ளி. பிள்ளை பழகிவிட்டாள்' என்று எழுதியிருந்தாள்.

நான் சொன்னேன்: "இல்லை டொக்டர். நாங்கள் சோறு சாப்பிடுற ஆக்கள். அது மாட்டுக்குப் போடுறது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வேலை கேட்டு வந்த இடத்தில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்துகொண்டு, என் பெண்சாதியும் பிள்ளையும் கிழங்கு அவித்துச் சாப்பிடுகிறார்கள் என்று எப்படிச் சொல்லுவது? பஞ்சம் பிழைக்க வந்தவன் என்று நினைத்துவிடுவார் என்று பயம். நான் பஞ்சம் பிழைக்கத்தான் வந்திருந்தேன். இருந்தாலும்.

டொக்டர் தன் நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

3. மூன்று நேரமும் சோறு

டொக்டர் ஹெலனிடம் ஒரு பழக்கம். ஒருவர் சொன்னதை அப்படியே எடுக்க மாட்டார். இன்னும் நாலு பேரிடம் கேட்பார். இரண்டாவது மாதம், சிட்னியில் இருக்கும் வேறு இலங்கைக் குடும்பங்களிடமும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றுதான். சிவபாதம் அண்ணை வீடு.

அவருடைய மனைவி பூமணி அக்காவுக்குச் செய்தி சொன்னதும் வீடு கல்யாண வீடாகிவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டொக்டர் வருகிறார், அதுவும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வருகிறார். கோழிக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம் என்று மேசை நிறைந்தது. வரவேற்பறையில் இருந்த கதிரைகள் போதாது என்று பக்கத்து வீட்டு இத்தாலியனிடமும் இரண்டு வாங்கிப் போட்டார் அண்ணை.

டொக்டர் வயிறு முட்டச் சாப்பிட்டார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"ஊரில இருக்கேக்க மரவள்ளி சாப்பிட்டனீங்களோ?"

நான் மொழிபெயர்த்தேன். பூமணி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தானே.

"சோறுதான் எண்டு சொல்லும். மூண்டு நேரமும் சோறு" என்றார் அக்கா.

"ஒடியல் கூழுக்கு ரெண்டு துண்டு வெட்டிப் போடுறனாங்கள்" என்று அண்ணை இழுத்தார்.

"அது கூழுக்கு. அது கணக்கில்லை" என்று அக்கா வெட்டினார்.

"வேற ஆர் சாப்பிடுறவை?" என்று டொக்டர் விடாமல் கேட்டார்.

"அங்கால, கரைப் பக்கத்து ஆக்கள் சாப்பிடுவினம்" என்றார் அண்ணை. கரைப் பக்கத்து ஆள் ஒருவரைக் கேட்டிருந்தால் அவர் தீவுப் பக்கத்து ஆட்களைக் காட்டியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டொக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அவரை ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது பூமணி அக்கா குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உந்த மனிசிக்கு மரவள்ளி எங்க கிடைக்குது எண்டு கேட்டனீரோ? வந்து மூண்டு வருசம். ஒரு துண்டு வாயில வைக்கக் கிடைக்கேல்லை."

4. ஒரு வரி

நான்காவது மாதம் டொக்டர் ஒரு அறிக்கை தயாரித்தார். இன்னும் மூன்று வருடத்துக்குப் பணம் கேட்டுக் குழுவுக்கு அனுப்பும் அறிக்கை. அதில் என் வேலையும் ஒரு வரியாக இருந்தது. பணம் வந்தால் நான் நிரந்தரம். வராவிட்டால் அட்டைப்பெட்டி.

அதைப் படியெடுக்கும் பொறுப்பு என்னுடையது. இயந்திரத்தில் பக்கம் பக்கமாக வைத்து எடுத்துக்கொண்டு போகும்போது பதினேழாம் பக்கத்தில் 'சிலோன்' என்ற சொல் கண்ணில் பட்டது. நின்று வாசித்தேன். மரவள்ளி நன்றாக விளையும் நாடாக இருந்தும், தானியம் பயிரிடும் யாழ்ப்பாண மக்களிடையே அது உணவாக மதிக்கப்படுவதில்லை, கால்நடைத் தீனியாகவே பயன்படுகிறது என்று அந்த நாட்டு ஆட்களிடம் விசாரித்ததில் தெரிகிறது என்று இருந்தது.

டொக்டர் நேர்மையான மனிசி. தன் கட்சிக்கு எதிராகப் போகிற தகவலையும் மறைக்காமல் போட்டிருந்தார். தானியம் வைத்திருக்கும் சனம் கிழங்கைத் தொடாது என்றால், சோளம் வைத்திருந்த மாயா மக்களும் தொட்டிருக்க மாட்டார்கள் என்றல்லவா எதிராளி சொல்லுவான்?

அப்படியேதான் சொன்னார் மெல்பேர்ன் பேராசிரியர். சோளம்தான், கிழங்கு என்பதெல்லாம் கற்பனை என்று பேசிவருபவர் அவர். அறிக்கை கிடைத்த கிழமையே ரெலிபோனில் கூப்பிட்டார். டொக்டர் பேசியது எனக்குக் கேட்டது. "ஓம், பதினேழாம் பக்கம். ஓம், நான்தான் எழுதினனான். ஓம், என்ர டெக்னீஷியனும் அந்த நாட்டு ஆள்தான்." ரெலிபோனை வைத்துவிட்டு டொக்டர் கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மேசையில் போட்டார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நான் பொய்யன். பொய்யனை நிரந்தரமாக்குவார்களா? சொல்லாவிட்டால் அறிக்கை தோற்கும், அறிக்கை தோற்றால் வேலையும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சரோஜாவின் கடிதம்தான் முன்னால் நின்றது. சொல்லத்தான் வேண்டும் என்று தினமும் காலையில் ரெயிலில் முடிவெடுப்பேன். டின்களைக் கண்டதும் நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டுவிடுவேன். ஒரு மாதம் இப்படியே போயிற்று.

5. குயின்ஸ்லாந்துச் சாக்கு

டின் ஒன்றில் நகத்தளவில் ஒரு கருகிய துண்டு கிடைத்திருந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை அரித்ததில் கிடைத்த ஒரே துண்டு. கிழங்கா, மரமா என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இன்றைய கிழங்குகளை ஃபர்னஸில் வைத்துக் கருக்கி, மெல்லிதாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பச்சையாகவும் கருக்க வேண்டும், அவித்த பிறகும் கருக்க வேண்டும். பழைய துண்டு அடுப்பிலிருந்து வந்ததாகவும் இருக்கலாமே.

சிட்னியில் அப்போது மரவள்ளி கிடைப்பது குதிரைக் கொம்பு. டொக்டர் குயின்ஸ்லாந்துக்கு எழுதி ஒரு சாக்குக் கிழங்கு தருவித்தார். குழு பார்வையிட வந்த அதே காலையில்தான் அந்தச் சாக்கும் வந்து சேர்ந்தது. மெல்பேர்ன் பேராசிரியரும் வேறு இருவரும் வந்து நின்றார்கள்.

"நல்லதாப் போச்சு. அவைக்கும் அவிச்சுக் குடுப்பம். வாயில வைச்சுப் பார்க்கட்டும்" என்றார் டொக்டர்.

நான் சாக்கை அவிழ்த்துக் கிழங்கைக் கையில் எடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் கை செய்தது, நான் செய்யவில்லை. கத்தியால் நீளமாக ஒரு கீறல் கீறி, நுனியால் நெம்பி, சட்டை கழற்றுவது போலத் தோலைக் கழற்றினேன். குறுக்கே வெட்டி, பிளந்து, நடுவில் இருந்த தும்பை இழுத்து எறிந்தேன். ஹொட் பிளேட்டில் பானையை வைத்துத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டேன்.

டொக்டர் கெதியாகக் கொதிக்கட்டும் என்று பானையை மூடினார். நான் மூடியை எடுத்து வைத்தேன். அவர் திரும்பவும் மூடினார். நான் திரும்பவும் எடுத்தேன்.

"ஏன் குமார்?"

"மூடக் கூடாது டொக்டர். ஆவி வெளியால போக வேணும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைக் கழுவும் தொட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார்.

கிழங்கு வெந்து வெடித்தது. வெண்ணெயும் உப்பும் வைத்து எல்லோருக்கும் கொடுத்தோம். பேராசிரியர் மூன்று துண்டு சாப்பிட்டார். ருசி பரவாயில்லை, ஆனால் இதை நம்பி நகரம் கட்ட முடியாது என்றார். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வண்டி வந்தது. வண்டிக்காரப் பெண்மணி ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக் கொடுத்து, ஒரு தட்டையும் நீட்டினார். பேராசிரியர் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். வாசம் எனக்கு வந்தது. இஞ்சி.

மரவள்ளி சாப்பிட்ட அன்றைக்கு இஞ்சி கண்ணிலும் காட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு என்பார்கள். இங்கே மனிதர் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு இஞ்சி பிஸ்கட்டைக் கடிக்கப் போகிறார். யோசிக்க நேரம் இல்லை.

தட்டிவிட்டேன்.

6. சரோஜாவின் கடிதம்

"இஞ்சி" என்றேன். "அதுக்கு மேல இஞ்சி சாப்பிட்டால் செத்துப்போவியள்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார். டொக்டர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"குமார், இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் டொக்டர்."

"எல்லாருக்கும் எண்டால்? மாட்டுக்குப் போடுறது எண்டு சொன்னனீங்கள். மாடு இஞ்சி பிஸ்கட் சாப்பிடுறதோ?"

அவர் விரல் விட்டு எண்ணினார். தோல் உரித்த விதம். நடுத் தும்பு. மூடாத பானை. இஞ்சி. "ஒரு நாளும் சாப்பிடாத சாமானை இவ்வளவு கெட்டித்தனமாச் செய்ய ஏலாது" என்றார்.

ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டதைச் சொல்லிவிட்டேன். "சாப்பிடுறனாங்கள் டொக்டர். நான் பொய் சொன்னனான். பூமணி அக்கா வீட்டிலயும் பொய்தான். வெக்கத்தில சொன்னது. இப்ப என்ர வீட்டில கிழமைக்கு நாலு நாள் அதுதான் சாப்பாடு."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சரோஜாவுக்கு எப்படி எழுதுவது என்று மனசு அப்போதே வசனம் தேடத் தொடங்கிவிட்டது.

டொக்டர் என்னோடு பேசும்போது எனக்கு எப்போதும் 'நீங்கள்' என்றுதான் கேட்கும். பேராசிரியர் பேசியது 'நீர்' என்று கேட்டது.

"நீர் அண்டைக்குச் சொன்னது பொய் எண்டால், இப்ப சொல்லுறது மட்டும் உண்மை எண்டு நான் என்னண்டு நம்புறது? இவவின்ர பக்கம் வெல்ல வேணும் எண்டு இப்ப மாத்திச் சொல்லலாம் இல்லையோ?"

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். என்னிடம் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று. சட்டைப் பையிலிருந்து அந்தக் கிழமை வந்த கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். தமிழ்க் கடிதம். அந்த அறையில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான், பொய்யன்.

"வாசியுங்கோ" என்றார் டொக்டர்.

ஒவ்வொரு வசனமாக வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். சுகம் விசாரித்தது, பள்ளிக்கூடம், மழை, எல்லாம் சொன்னேன். பிறகு இந்த இடம் வந்தது:

'நேற்றும் கிழங்குதான் அவிச்சனான். பக்கத்து வீட்டு மனிசி என்ன சாப்பாடு எண்டு கேட்டால் புட்டு எண்டு சொல்ல வேணும் எண்டு பிள்ளைக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். அவள் கெட்டிக்காரி, அப்பிடியே சொல்லுறாள். பக்கத்து வீட்டு மனிசியும் அதே வண்டிலிலதான் கிழங்கு வாங்கினவ, நான் கண்டனான். தங்களுக்கும் புட்டாம்.'

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"நாங்கள் பொங்கலுக்கு நெல்லு வைக்கிறம், கரும்பு வைக்கிறம், இஞ்சிச் செடிகூட வைக்கிறம்" என்றேன். "மரவள்ளி வைக்கிறேல்லை. எங்கட வீட்டுக் கலண்டர்ல நெற்கதிர் இருக்கு, மரவள்ளி இல்லை. அதைப் பார்த்துப்போட்டு இந்தச் சனம் மரவள்ளியே தின்னேல்லை எண்டு ஆரும் எழுதினால், நானும் ஓம் எண்டுதான் சொல்லுவன். அண்டைக்குச் சொன்னதும் அப்பிடித்தான்."

பேராசிரியர் கீழே குனிந்து உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் தின்றார்.

7. செத்துப் போகாத பேராசிரியர்

அவர் சாகவில்லை. மத்தியானம் வரைக்கும் நான் அவருக்குப் பின்னாலேயே திரிந்தேன். வியர்க்கிறதா, வயிற்றைப் பிடிக்கிறாரா என்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விமானத்துக்குப் புறப்படும்போது "இன்னும் உயிரோட இருக்கிறன்" என்று எனக்குக் கை தந்துவிட்டுப் போனார். அவர் சாகவில்லையே என்று நிம்மதியாக இருந்தது. சாகவில்லையே என்று கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

பிறகு இரசாயனப் பிரிவில் ஒருவரைக் கேட்டேன். மரவள்ளியில் நஞ்சு இருப்பது உண்மை, திறந்து வைத்து அவிப்பதிலும் நியாயம் உண்டு, இஞ்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தனக்குத் தெரியாது என்றார். எனக்கும் இன்றுவரை தெரியாது. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த இரண்டும் ஒரே நாளில் சேர்ந்ததில்லை.

பதினேழாம் பக்கத்தை டொக்டர் திருத்தி எழுதினார். நான் முதலில் சொன்னதையும் பிறகு சொன்னதையும் இரண்டையுமே போட்டார். முதல் பதிலை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "அதுதான் முக்கியமான தகவல்" என்றார். சரோஜாவின் கடிதத்தை மொழிபெயர்த்து எழுதித் தரச்சொல்லி அதையும் ஃபைலில் வைத்தார். நாங்கள் கேட்டது போலக் குழு மூன்று வருடம் தரவில்லை, ஒரு வருடம் தந்தது. பேராசிரியர் எதிர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏன் எதிர்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்களில் ஒன்று. ஒரு வருடத்தை நிரந்தரம் என்று எப்படி எழுதுவது என்று டொக்டர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு பிரிவுத் தலைவரிடம் சண்டை பிடித்து, வேறு ஒரு பதவியில் என்னைக் காட்டி, குடிவரவு அலுவலகம் கேட்ட கடிதத்தை வாங்கித் தந்தார். பொய் சொன்னவனுக்கு ஏன் இவ்வளவும் செய்தார் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "உங்கட பொய் பிடிபடும் எண்டு யோசிக்காமல் மூடியை ரெண்டு தரம் எடுத்தனீங்கள்" என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

அந்த நகத்தளவுத் துண்டைக் கருக்கிய மரவள்ளியோடு வைத்துப் பார்த்தோம். ஒரு நாள் பார்த்தால் அதேபோல இருக்கும், மறுநாள் பார்த்தால் மரத்துண்டு போல இருக்கும். கடைசியில் 'தீர்மானிக்க முடியவில்லை' என்று பதிந்து டின்னை மூடினேன். பல வருடத்துக்குப் பிறகு, நான் ஓய்வு பெற்றபின், மாயா நாட்டுப் பக்கத்தில் எரிமலைச் சாம்பலுக்கடியில் மரவள்ளிப் பாத்திகள் அப்படியே கிடந்து அகப்பட்டதாகப் பத்திரிகையில் பார்த்தேன். டொக்டர் அப்போது உயிரோடு இல்லை. யாரிடம் சொல்லுவது என்று தெரியாமல் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

8. விருந்து

அடுத்த வருடம் சரோஜாவும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறை ஃபிளாட் ஒன்று எடுத்திருந்தேன். டொக்டர் ஹெலன் அவர்களைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூங்கொத்தோடு வந்தார். சரோஜா விடியற்காலை எழும்பிச் சமைத்திருந்தாள். பூமணி அக்கா வீட்டு மேசையைவிட இரண்டு கறி கூட. கடிதத்தை நான் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய கதை அவளுக்குத் தெரியாது. சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில் டொக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். "குமார் இல்லாத காலத்தில நீங்கள் அங்க என்ன சாப்பிட்டனீங்கள்?"

நான் மொழிபெயர்த்தேன். சரோஜா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"சோறுதான் எண்டு சொல்லுங்கோ" என்றாள். "மூண்டு நேரமும்."

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்தார். அவருடைய நோட்டுப் புத்தகம் கைப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கை அந்தப் பக்கம் போனது. அவர் புத்தகத்தை உள்ளே தள்ளிக் கைப்பையை மூடினார். தட்டைச் சரோஜாவிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்றார்.

சரோஜாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூன்று அகப்பை போட்டாள்.

ஆய்வுகூட வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மண்ணை அரித்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். அந்த இடத்திலும் ஒரு தாய், யாரும் கேட்டால் புட்டு என்று சொல்லு என்று தன் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கக்கூடும்.